ரமோன்ஸ் ஒத்துவரவில்லையா? பங்க், இண்டி ராக்கில் நுழைய வேறு வாசல்கள்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. இளையராஜா, ரஹ்மான் கேட்டு வளர்ந்த காது, கல்லூரிக் காலத்தில் கொஞ்சம் மெட்டாலிக்கா. பங்க் (எழுபதுகளில் கிளம்பிய வேகமான, முரட்டு ராக்) என்று எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்களே என்று அமெரிக்க பேண்டான ரமோன்ஸ் போட்டால் 14 பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கிறது. செக்ஸ் பிஸ்டல்ஸ் போட்டால் ஒரே கத்தல். 'தலைசிறந்த 100 ஆல்பங்கள்' வகைப் பட்டியல்களில் இறங்கினால் தலை சுற்றுகிறது. இண்டி ராக் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. அப்படியானால் எங்கே தொடங்குவது, உங்களுக்குப் பிடித்தவை எவை?

அவசரமாக இருப்பவர்களுக்கு மூன்று பெயர்: பஸ்காக்ஸின் 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி', மினிட்மென்னின் 'டபிள் நிக்கல்ஸ் ஆன் த டைம்', ஸ்லீட்டர்-கின்னியின் 'டிக் மீ அவுட்'. நேரம் இருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

இண்டி பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆரம்பத்தில் அது ஒரு வியாபார ஏற்பாட்டின் பெயர். 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி தரவரிசை வெளிவரத் தொடங்கியபோது, உங்கள் இசைத்தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோகத்தைத் தொடாமல் கடைக்குப் போயிருந்தால் போதும், அதில் இடம் உண்டு. உள்ளே என்ன இசை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் கரகரப்பு, மணி மணியாக ஒலிக்கும் கிடார் என்று அது ஒரு பாணியாகக் கெட்டிப்பட்டது பிறகுதான். எனவே இரண்டு இண்டி பேண்டுகளுக்கிடையே ஒற்றுமையே இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை.

கோளாறு எதிர்பார்ப்பில் இருக்கலாம். மெட்டாலிக்காவில் பழகிய காது கிடார் சோலோவுக்குக் காத்திருக்கும். ராஜாவில் பழகிய காது இரண்டாவது இடையிசையில் வயலின்கள் எங்கே போகப்போகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே இரண்டும் கிடைக்காது. இவர்களிடம் காசு கிடையாது, ஸ்டுடியோவில் நேரம் கிடையாது, சிலருக்கு வாசிக்கவே அரைகுறையாகத்தான் தெரியும். அந்த நெருக்கடியில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று அவர்கள் எடுத்த முடிவுகளில்தான் நான் இந்த இசையின் ருசியைக் காண்கிறேன். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

முதலில் மான்செஸ்டர். பஸ்காக்ஸ் 1976 டிசம்பர் கடைசியில் ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். நண்பர்களிடமும் வீட்டிலும் கடன் வாங்கிய சுமார் 500 பவுண்டில், தாங்களே ஒரு லேபிள் (இசைத்தட்டு கம்பெனி) பெயர் வைத்து, அடுத்த மாதமே 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற தட்டாக வெளியிட்டார்கள். முதலில் 1,000 பிரதிகள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக்கில் முடிந்தது என்பதைப் பின்னட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். 'இவ்வளவுதான் விஷயம், நீயும் செய்யலாம்' என்று சொல்லாமல் சொன்ன அட்டை அது. பிரிட்டனில் அதன்பிறகு கிளம்பிய நூற்றுக்கணக்கான சின்ன லேபிள்களுக்கு அந்தத் தட்டுதான் தைரியம் கொடுத்தது.

அதில் 'போர்டம்' என்ற பாட்டைக் கேளுங்கள். அலுப்பைப் பற்றிய பாட்டு. கிடார் சோலோ வரவேண்டிய இடம் வரும், பீட் ஷெல்லி வாசிக்கத் தொடங்குவார். இரண்டே சுரம். அதே இரண்டு சுரம் மறுபடி, மறுபடியும் அதே இரண்டு. இப்போது மாறும், இப்போது மாறும் என்று காத்திருப்போம், மாறாது. முதல்முறை கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நான்காவது முறை கேட்கும்போது அந்தப் பாட்டில் மண்டையில் நிற்பதே அதுதான் என்று தெரியும். அலுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சோலோவை எந்தக் கிடார் மேதையும் போட்டிருக்க முடியாது என்பது என் கட்சி. பிற்பாடு ஆரஞ்ச் ஜூஸ் என்ற ஸ்காட்லாந்து பேண்டு 'ரிப் இட் அப்' பாட்டில் இந்தப் பாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதே இரண்டு சுரத்தை வாசித்து வணக்கம் வைத்தது.

'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' 1979-ல் வந்த தொகுப்பு. முதல் பக்கம் எட்டு சிங்கிள்கள் (தனித்தட்டாக வந்த பாட்டுகள்), மறுபக்கம் அந்தந்த சிங்கிளின் பின்பக்கப் பாட்டுகள், எல்லாம் வெளிவந்த வரிசையில். பங்க் வேகத்தில் காதல் தோல்விப் பாட்டு எழுதியவர் ஷெல்லி. காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி வேண்டுமென்றே எழுதினார். 'எவர் ஃபாலன் இன் லவ்' பாட்டின் மெட்டு ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராது. மெட்டுக்காகக் கேட்கிறவர்களுக்குப் பங்கில் இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

இப்போது ரமோன்ஸ் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடலாம். 1976-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் 14 பாட்டு, அரை மணி நேரத்துக்கும் குறைவு, மொத்தச் செலவு சுமார் 6,400 டாலர். ஹெட்போனில் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிப் பாருங்கள். ஒரு காதில் கிடார், மறு காதில் பேஸ் கிடார் என்று பிரித்து வைத்திருப்பார்கள். கிடார் பக்கத்தை மட்டும் கேட்டால், ஜானி ரமோன் கையை மேலிருந்து கீழாக மட்டுமே அடிக்கிறார் என்பது புரியும். வழக்கமாகக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று அடிப்பார்கள், அது கைக்குச் சுலபம். இவர் மேல்நோக்கிய அடியைத் தொடவே இல்லை. கையில் கிடார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'பிளிட்ஸ்கிரீக் பாப்' ஓடும்போது மணிக்கட்டை அந்த வேகத்தில் கீழ்நோக்கி மட்டும் ஆட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கை கடுக்கும். 'ஒரே மாதிரி இருக்கிறது' என்ற உங்கள் புகார் சரியான புகார்தான், ஆனால் அந்த ஒரே மாதிரிக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. அப்போதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து சொல்வதில் நமக்கும் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. வயர் என்ற லண்டன் பேண்டின் 'பிங்க் ஃபிளாக்', 1977. 21 பாட்டு, சுமார் 35 நிமிடம். ஒரு பாட்டில் சொல்ல வந்தது முடிந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், இரண்டாவது சரணம் வேண்டுமே என்ற கவலை கிடையாது. அதிலுள்ள 'த்ரீ கேர்ள் ரம்பா'வின் கிடார் துணுக்கு, 17 வருடம் கழித்து பிரிட்டிஷ் பேண்டான எலாஸ்டிகாவின் 'கனெக்ஷன்' பாட்டில் ஏறக்குறைய அப்படியே வந்தது. வயர் தரப்பு விடவில்லை, விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், தீர்ப்பை நீங்களே சொல்லலாம். எனக்கு இரண்டுமே பிடிக்கும்.

அந்த எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பம் 'த மெனஸ்' 2000-ல் வந்தபோது அதன் அட்டையை வடிவமைத்தவர், லண்டனில் ஓவியக் கல்லூரி முடித்திருந்த ஒரு தமிழ்ப் பெண். சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, போருக்குத் தப்பி லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம். பேண்டோடு அமெரிக்கா போய் அவர்களின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடித்தார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் வைத்திருந்த ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டியில்தான் தன் முதல் பாட்டுகளைப் போட்டுப் பழகினார். அவர்தான் எம்.ஐ.ஏ. ரஹ்மான் ரசிகரான உங்களுக்கு அந்தக் குரல் ஏற்கெனவே தெரியும்: 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஓ... சாயா'வில் ரஹ்மானோடு சேர்ந்து பாடியவர். அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை சுழன்றுகொண்டே இருக்கும் கிடார், லண்டன் பங்க் பேண்டான த கிளாஷ் 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. மூலப் பாட்டு வந்தேறிகளுக்குக் கதவடைக்கும் தேசங்களைப் பற்றியது. விசா, எல்லை, வந்தேறி மேல் இருக்கும் பயம் ஆகியவற்றைக் கிண்டலடிக்கும் பாட்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கிளாஷ் பேண்டுக்காரர்களின் பெயரும் பாட்டாசிரியர் வரிசையில் இருக்கிறது.

ஆகவே கிளாஷ் உங்களுக்குப் பின்வாசல் வழியாகவே அறிமுகமாகிவிட்டது. முன்வாசல் வேண்டுமென்றால் 'லண்டன் காலிங்', 1979 டிசம்பர். ரெகே, ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ் வாடை எல்லாம் கலந்த 19 பாட்டுகள், இரட்டைத் தட்டு, ஆனால் ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கட்டி ஜெயித்தார்கள். கடைசிப் பாட்டான 'ட்ரெய்ன் இன் வெய்ன்' அட்டை அச்சான பிறகு சேர்க்கப்பட்டதால் முதல் பதிப்பின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. பங்க் என்றால் சத்தம் மட்டும்தான் என்று நினைப்பவர்களிடம் நான் நீட்டும் ஆல்பம் இது. ஒரே உட்காரலில் கேட்காதீர்கள், பக்கம் பக்கமாகக் கேளுங்கள்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமானது. மினிட்மென். லாஸ் ஏஞ்சலஸின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவைச் சேர்ந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர். டி. பூன் கிடார், மைக் வாட் பேஸ், ஜார்ஜ் ஹர்லி ட்ரம்ஸ். பூனும் வாட்டும் சிறுவயது நண்பர்கள். வாட் பேஸ் வாசிக்கட்டும் என்று சொன்னவரே பூனின் அம்மாதான். ராக் பேண்டுகளில் கிடார்காரர்தான் ராஜா, பேஸ்காரர் பின்னால் நிற்கும் எடுபிடி. பூனுக்கு அது பிடிக்கவில்லை. தன் கிடாரின் கனமான கீழ் ஒலியை முழுக்க வெட்டிவிட்டு, மெலிந்த, கீச்சென்ற ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். கீழே காலியான இடம் முழுக்க வாட்டுக்கு. இதை ஒரு ஒலி உத்தியாக மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. மேடையில் மூன்று பேருக்கும் சம பங்கு என்பது அவர்களுக்கு அரசியல்.

ராஜா பாட்டுகளில் பேஸ் கிடாரைத் தனியாகப் பின்தொடரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், வாட்டின் விரல்கள் முதல் பாட்டிலேயே உங்களைப் பிடித்துக்கொள்ளும். 'டபிள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' 1984-ல் வந்தது. மினியாபொலிஸைச் சேர்ந்த ஹஸ்கர் டு ஓர் இரட்டை ஆல்பம் பதிவு செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், கையில் இருந்த ஒற்றை ஆல்பத்துக்கு இன்னொரு தட்டு அளவு பாட்டுகளை எழுதிச் சேர்த்துவிட்டார்கள். 40-க்கும் மேற்பட்ட பாட்டுகள், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. ஃபங்க், ஜாஸ், நாட்டுப்புறம், வெறும் பேச்சு எல்லாம் உண்டு. மூவரும் ஆளுக்கொரு பக்கத்துக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் எடுக்காமல் மிஞ்சியவை நான்காம் பக்கத்தில். அதற்குப் 'பதர்' என்றே பெயர் வைத்தார்கள்.

அட்டையில் வாட் கார் ஓட்டிக்கொண்டிருப்பார், வேகமுள் சரியாக 55 மைலில் நிற்கும். அப்போது அமெரிக்க நெடுஞ்சாலைகளின் வேக வரம்பு அது. என்னால் 55-ல் ஓட்ட முடியாது என்று சாமி ஹேகர் என்ற ராக் நட்சத்திரம் பாடிய பாட்டுக்கு நக்கல் பதில் அது: காரை வரம்புக்குள்தான் ஓட்டுவோம், துணிச்சலை இசையில் காட்டுவோம். இரண்டு பாட்டில் தொடங்குங்கள். ஒன்று 'கொரோனா', மெக்சிகோ கடற்கரையில் பார்த்த வறுமையைப் பற்றியது. 'ஜாக்கஸ்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையாகப் பலருக்கும் பழகிய கிடார் அதனுடையது, பாட்டு எதைப் பற்றியது என்று அறியாமலே. இன்னொன்று 'ஹிஸ்டரி லெசன், பார்ட் டூ', இரு நண்பர்கள் எப்படி பங்கைக் கண்டுபிடித்தார்கள் என்பதை அலட்டலே இல்லாமல் சொல்வது. 1985 டிசம்பரில் அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் பூன் இறந்தார், வயது 27. பேண்டும் அத்தோடு முடிந்தது.

அந்த ஹஸ்கர் டுவின் இரட்டை ஆல்பம் 'ஜென் ஆர்கேட்'. புகழ் பெரிது, நானும் மதிக்கிறேன், ஆனால் ஒலிப்பதிவு தகரக் கூரையில் மழை மாதிரி இருக்கும். புதியவர்கள் 'நியூ டே ரைஸிங்' பக்கம் போவது நல்லது. அதே ஊரின் ரீப்ளேஸ்மெண்ட்ஸ் பேண்டின் 'லெட் இட் பி'யும் 1984தான். பீட்டில்ஸ் ஆல்பத்தின் தலைப்பைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டவர்கள். பேஸ் வாசித்த டாமி ஸ்டின்சனுக்கு அப்போது 17 வயது. பாதிப் பாட்டுகள் குடித்துவிட்டு அடித்த லூட்டி, மீதிப் பாட்டுகளில் நெஞ்சைப் பிசைந்துவிடுவார்கள். 'ஆன்ஸரிங் மெஷின்' ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்.

வாஷிங்டன் டி.சி.யின் ஃபுகாஸியை மெட்டாலிக்கா ரசிகர்களுக்குத் தனியாகச் சிபாரிசு செய்வேன், கனமும் துல்லியமும் இரண்டும் இருப்பதால். '13 சாங்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'வெயிட்டிங் ரூம்'. பேஸ் தொடங்கும், ட்ரம்ஸ் சேரும், கிடார் சேரும், சரி இப்போது பாடப்போகிறார்கள் என்று நினைக்கும் நொடியில் எல்லாமே நின்றுவிடும். மௌனம். காத்திருப்பு அறை என்ற பாட்டில் கேட்பவரையும் காக்க வைக்கிறார்கள். பிறகு அதே பேஸ் திரும்ப வரும்போது கூடத்தில் எத்தனை பேர் ஒரே சமயத்தில் குதிப்பார்கள் என்று பழைய வீடியோக்களில் பார்க்கலாம்.

இவர்கள் டிக்கெட்டைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்துக்கொண்டார்கள், சிறுவர்களை உள்ளே விடாத இடங்களில் வாசிக்க மறுத்தார்கள், டி-ஷர்ட் விற்கவில்லை. கூட்டத்தில் அடுத்தவர்களை இடித்துத் தள்ளி ரகளை செய்பவர்களை மேடையிலிருந்தே கண்டித்து, டிக்கெட் காசைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். பாடகர் இயன் மெக்கே 1980-ல் நண்பர் ஜெஃப் நெல்சனோடு தொடங்கிய டிஸ்கார்ட் லேபிள், பேண்டுகளோடு ஒப்பந்தமே போடாமல் வாய்மொழியிலேயே நடந்துவந்தது.

ஆண்களின் சங்கமாகவே போகிறதே என்று நீங்கள் நினைக்கலாம். 1978-லேயே எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரீன் இருந்தார். சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்தவர், பல்லில் கம்பியோடு மேடையேறி, பிளாஸ்டிக்கையும் விளம்பரத்தையும் கிழித்துத் தோரணம் கட்டியவர். கிடாரோடு சாக்ஸபோன் மோதும் 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' இன்றும் பழையதாகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிகினி கில் பேண்டின் கேத்லீன் ஹன்னா, பெண்களை மேடைக்கு அருகே வரச் சொல்லி, ஆண்களைப் பின்னால் அனுப்பினார்.

அந்த அலையிலிருந்து வந்தவர்கள்தான் ஸ்லீட்டர்-கின்னி. வாஷிங்டன் மாநிலத்துச் சாலை ஒன்றின் பெயர் அது. இரண்டு கிடார், ஒரு ட்ரம்ஸ், பேஸ் கிடையாது. 1997-ன் 'டிக் மீ அவுட்' ஆல்பத்தில் 'ஒன் மோர் ஹவர்' என்ற பாட்டு இருக்கிறது. பாடகிகள் கோரின் டக்கரும் கேரி பிரவுன்ஸ்டீனும் காதலித்துப் பிரிந்தவர்கள். பாட்டு அந்தப் பிரிவைப் பற்றியது, இருவரும் சேர்ந்தே பாடுகிறார்கள். டக்கரின் குரல் உடைகிற உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும், கீழே பிரவுன்ஸ்டீன் சமாதானம் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் குறுக்கிடுவார். யாரும் மற்றவர் முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. சண்டையில் யார் காத்திருக்கிறார்கள்? முதலில் ஒரு குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், மறுமுறை மற்றதை.

கத்தலே வேண்டாம், மென்மையாக ஏதாவது வேண்டும் என்றால் நியூஸிலாந்துக்குப் போங்கள். டனீடன் ஊரின் த கிளீன் 1981-ல் சுமார் 50 நியூஸிலாந்து டாலர் செலவில் பதிவு செய்த 'டாலி ஹோ', அந்நாட்டின் முதல் 20 இடங்களுக்குள் போனது. ஃபிளையிங் நன் என்ற புத்தம்புது லேபிளை நிமிர்த்தி உட்காரவைத்த பாட்டு அது. அதே ஆண்டின் 'பூடில் பூடில் பூடில்' தட்டில் உள்ள 'எனிதிங் குட் ஹேப்பன்' எனக்கு எந்த நாளிலும் அலுக்காத பாட்டு. அதே ஊரின் த சில்ஸ் பாடிய 'பிங்க் ஃப்ராஸ்ட்' ராத்திரியில் கேட்பதற்கு.

கிளீனை விரும்பிக் கேட்ட அமெரிக்கர்களில் பேவ்மெண்டும் யோ லா டெங்கோவும் உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் தொடங்கிய பேவ்மெண்டின் 'ஸ்லாண்டட் அண்ட் என்சாண்டட்', 1992, சோம்பேறித்தனமாகத் தொனிக்கும், ஆனால் மெட்டுகள் படு சூட்டிகை. இவர்களின் பாட்டுகளில் இன்று ஸ்பாட்டிஃபையில் முன்னணியில் நிற்பது 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்', 1999-ல் ஒரு சிறு தட்டின் பின்பக்கத்தில் ஒதுக்கிவைத்த பாட்டு. தானாக அடுத்த பாட்டைப் போடும் கணினிக்கு அது எப்படியோ பிடித்துவிட்டது. யோ லா டெங்கோவுக்கு 1997-ன் 'ஐ கேன் ஹியர் த ஹார்ட் பீட்டிங் ஆஸ் ஒன்'. ரஹ்மானின் ஒலி அடுக்குகளை ரசிப்பவர்கள் இங்கே தங்கிவிடுவார்கள். ஒஹையோவில் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் பொல்லார்டின் கைடட் பை வாய்ஸஸ் எனக்கு உயிர், ஆனால் வீட்டு டேப் இரைச்சலுக்குக் காது பழகிய பிறகு கேளுங்கள்.

செக்ஸ் பிஸ்டல்ஸ்? நல்ல ஆல்பம்தான், ஒரே ஆல்பம்தான். ஆனால் அவர்களைச் சுற்றியிருக்கும் கதையின் கனம் பாட்டைக் கேட்க விடாது. ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

பாட்டு வரிகள் புரியவில்லை என்று யாரும் சங்கடப்பட வேண்டாம், ஆங்கிலம் தாய்மொழியான பலருக்கும் பாதி புரிவதில்லை. வாரத்துக்கு ஓர் ஆல்பம், கலைத்துப் போடாமல் வரிசையாக, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து. பிடித்துப்போனால் இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பிலோ லேபிளிடம் நேரடியாகவோ வாங்குங்கள், பணம் உரியவர்களிடம் போகும். ஃபுகாஸி தங்கள் நூற்றுக்கணக்கான கச்சேரிகளின் பதிவுகளை 2011 முதல் இணையத்தில் விற்கிறார்கள், கச்சேரிக்கு 5 டாலர்தான் அவர்கள் சொல்லும் விலை.

மேலே சொன்னவற்றில் எது பிடித்தது, எது ஒவ்வவில்லை என்று சொல்லுங்கள். ஒவ்வாததைச் சொன்னால் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது எனக்கு இன்னும் சுலபம்.